புதுக் கண்ணாடி வாங்கும் முன் கதவைப் பாருங்கள்: பழைய லாரிக் கதவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வீட்டுச் சிறு லாரியின் ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடி ஒரே மாதத்தில் இரண்டு முறை உடைந்தது. முதல் முறை, யாராவது கல் எறிந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புதிது போட்டோம். இரண்டாவது முறை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியை முழுதாக இறக்கினார்; பட்டென்று ஓர் ஓசை; அவ்வளவும் மணிமணியாகக் கதவுக்குள் கொட்டிவிட்டது. கல்லும் இல்லை, எறிய ஆளும் இல்லை. கண்ணாடியை உடைத்தது கதவுதான். எப்படி என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து, பழைய லாரியில் கண்ணாடி உடைந்தது என்று யார் சொன்னாலும் கதவைத்தான் முதலில் திறந்து பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடி வயதாகித் தேய்ந்து உடையும் பொருள் அல்ல. அதைப் பிடித்திருக்கும் ரப்பர் காய்ந்திருக்கும், அது ஓடும் இரும்புச் சேனல் துருவேறிப் பிதுங்கியிருக்கும், கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும். இவற்றை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அடுத்த கண்ணாடிக்கும் அதே கதிதான்.

இங்கே சொல்வதெல்லாம் கையால் சுற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடிகளைப் பற்றியது. 1986-இல் வந்த டாடா 407 தலைமுறை வண்டிகள், அதற்கும் மூத்த லாரிகள், அடிச்சட்டமும் இன்ஜினுமாக வாங்கி நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் கேபின் கட்டிய வண்டிகள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டியில் ஏசியும் இந்தக் கண்ணாடிதான், மழைத் தடுப்பும் இந்தக் கண்ணாடிதான். சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, தூறல், வெயில் என்று ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

கதவுக்குள் என்ன இருக்கிறது

கண்ணாடியின் அடிவிளிம்பு ஓர் இரும்புச் சேனலுக்குள், ரப்பர் பட்டையோடு இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். இதை அடிச்சேனல் என்று சொல்கிறேன். முன்புறமும் பின்புறமும் கண்ணாடி வழுக்கி ஓடுவதற்கு வெல்வெட் போன்ற பரப்புள்ள ஓடுசேனல்கள். கதவின் வாயில் கண்ணாடியின் இருபுறமும் ஒட்டி நிற்கும் துடைப்பு ரப்பர்கள். கீழே ரெகுலேட்டர்: கைப்பிடியைச் சுற்றினால் சின்னப் பல்சக்கரம் ஒன்று விசிறி வடிவப் பல்தகட்டை நகர்த்தும், அதோடு சேர்ந்த இரும்புக் கை மேலே எழும், கையின் நுனியில் உள்ள உருளை அடிச்சேனலைத் தூக்கும். சில வண்டிகளில் ஒற்றைக் கை, சிலவற்றில் கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். இதைத் தெரிந்துகொண்டால் போதும், கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் தானாகவே பிடிபடும்.

அறிகுறி: கண்ணாடி முழுவதும் பொடிந்து கொட்டிவிட்டது

முதலில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கைப்பிடியைச் சுற்றிப் பார்க்காதீர்கள். ஓடுசேனலிலும் பல்தகட்டிலும் துண்டுகள் சிக்கியிருக்கும். சுற்றினால் அவை வெல்வெட்டைக் கிழித்துக்கொண்டு பல்லுக்குள் இறங்கும்.

தடித்த கையுறையும் கண்ணுக்கு மூடுகண்ணாடியும் அணிந்துகொண்டு, சட்டத்தில் ஒட்டி நிற்கும் துண்டுகளை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். இருக்கை, டேஷ்போர்டு இடுக்கு, பெடல்களின் அடி எல்லாவற்றையும் வாக்யூம் வைத்து உறிஞ்ச வேண்டும். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பிடி கண்ணாடித் துண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுபவருக்குத் தெரியும். துணியால் துடைக்காதீர்கள், துணியில் ஏறும் துகள் பிறகு கையில் ஏறும். அகலமான ஒட்டு டேப்பை ஒற்றி ஒற்றி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத துகள்களும் வந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணாடியில் பெரும்பகுதி கிடப்பது கதவின் வயிற்றுக்குள். கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் உள் அட்டையைக் கழற்றிவிட்டு, கதவை மெல்லத் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேளுங்கள். சலசலவென்று சோழி குலுக்குவதுபோல் கேட்டால் இன்னும் இருக்கிறது. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். அவற்றைத்தான் இந்தத் துண்டுகள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஐப்பசி மழை முழுவதும் கதவுக்குள் தேங்கி, அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடித்துப் போகும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது தகடு போய்விட்டிருக்கும். ஒரு கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்துவிட்டு, வாக்யூம் வைத்து எடுத்த பிறகு கடைசியாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே தடையின்றி வடிகிறதா என்று பாருங்கள்.

பட்டறைக்குப் போகும்வரை பாலித்தீன் தாள் ஒட்டிக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். லாரியின் சைடு மிரரைக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறீர்கள். பாலித்தீன் காற்றில் படபடக்கும்போது மிரரில் ஒன்றும் தெரியாது. கிளீனர் பக்கம் உடைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் இடப்பக்கத்தில் நுழையும் இரு சக்கர வண்டியை அந்த மிரர் மட்டுமே காட்டும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அந்தத் தாளை நம்பாதீர்கள். மழை இல்லையென்றால் திறந்தே ஓட்டுவது மேல்.

அறிகுறி: கைப்பிடி சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை

கைப்பிடி எப்படிச் சுற்றுகிறது என்று விரலால் உணருங்கள். சற்றும் எதிர்ப்பின்றிச் சுற்றினால், கைப்பிடியின் உள்துளையில் உள்ள வரிப்பற்கள் தேய்ந்திருக்கலாம். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, தண்டின் நுனியைத் துணி சுற்றிய இடுக்கியால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி ஏறினால் கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். இவ்வளவு எளிய கோளாறுக்கு ரெகுலேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடக், கடக் என்று பல் தாண்டும் ஓசையோடு சுற்றினால் பல்தகட்டில் பற்கள் மழுங்கிவிட்டன. நாள்தோறும் கண்ணாடி ஒரே உயரத்தில் நின்று அதிர்வதால், அந்த இடத்துப் பற்கள் மட்டும் முதலில் தேயும். இதை வெல்டிங் வைத்து அரத்தால் ராவிச் சரி செய்யும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெல்டிங் சூட்டில் தகடு வளைந்து, சின்னப் பல்சக்கரமும் சேர்ந்து தேய்கிறது. ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

வழக்கமான கனத்தோடு சுற்றியும் கண்ணாடி வரவில்லையென்றால், உருளை அடிச்சேனலை விட்டு வெளியே வந்துவிட்டது. அட்டையைக் கழற்றினால் கை மட்டும் தனியாக ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பல சமயம் உருளை தேய்ந்து சிறுத்திருக்கும், அல்லது அது ஓடும் பள்ளத்தின் உதடு விரிந்திருக்கும். உதட்டை இடுக்கியால் சேர்த்து, புதிய உருளை போட்டால் பல ஆண்டுகள் ஓடும்.

அறிகுறி: கண்ணாடி தானாக இறங்குகிறது

இங்கே ஒரே ஒரு கேள்விதான். கண்ணாடி இறங்கும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழல்கிறதா?

சுழல்கிறது என்றால், கைப்பிடித் தண்டின் பின்னால் இருக்கும் பிரேக் ஸ்பிரிங் போய்விட்டது. ஒரு சின்ன உருண்டைக் கூட்டுக்குள் இறுகி நிற்கும் சுருள் அது. நாம் கைப்பிடியைச் சுற்றும்போது சுருள் தளர்ந்து வழிவிடும். கண்ணாடியின் எடை கீழே இழுக்கும்போது விரிந்து கூட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒடிந்தாலோ எண்ணெய் ஊறி வழுக்கினாலோ, தொப்பூர் கணவாயில் இறங்கும் அதிர்வுக்கே கண்ணாடி சிறிது சிறிதாகத் தாழும். சிலர் அந்தக் கூட்டுக்குள்ளேயே கிரீஸைத் திணித்து இந்தக் கோளாறைத் தாங்களாகவே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

கைப்பிடி அசையாமல் நிற்க, கண்ணாடி மட்டும் விழுகிறது என்றால் அடிச்சேனலிலிருந்து கண்ணாடி நழுவிவிட்டது. உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை காய்ந்து சுருங்கியிருக்கும். இந்தக் கண்ணாடி இன்னும் உடையவில்லை, ஆனால் உடையப் போகிறது. சேனலின் இரும்பு விளிம்பு நேராகக் கண்ணாடியின் ஓரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது. வண்டியை அன்றே நிறுத்தி, கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, துடைப்பு ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே மர ஆப்பு செருகி நிறுத்திவிடுங்கள். பட்டை மாற்றும் செலவோடு போய்விடும்.

அறிகுறி: சாய்ந்து ஏறுகிறது, பாதியில் சிக்குகிறது, சுற்றுவதற்குக் கனமாக இருக்கிறது

பெரும்பாலான கண்ணாடிகள் சாவது இந்த அறிகுறியைக் கண்டுகொள்ளாமல் விட்டதால்தான். சிக்கும்போது ஓட்டுநர் ஒரு கையால் கண்ணாடியைத் தள்ளி, மறு கையால் கைப்பிடியை முறுக்குகிறார். அந்த முறுக்கு முழுவதும் கண்ணாடியின் ஒரு மூலையில் போய் நிற்கிறது.

கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துளியும் அசையவில்லையென்றால் ஓடுசேனல் இறுகிவிட்டது. ஒரு விரற்கடை அளவு ஆடினால் சேனலின் வெல்வெட் தேய்ந்து போயிற்று, அல்லது சேனலைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. விரல் நுனியால் சேனலின் உட்புறத்தைத் தடவுங்கள். பஞ்சுபோல் இருக்க வேண்டிய இடம் மணல் தாள்போல் சொரசொரத்தால், கல் குவாரி, சிமெண்டு, சாலைப்புழுதி எல்லாம் அங்கே குடியேறிவிட்டது. சிறு பிரஷ்ஷால் தேய்த்து வாக்யூம் வைத்துச் சுத்தம் செய்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். ஸ்பிரே கிடைக்காத ஊரில் முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரைத் தூவினாலும் போதும். ரப்பர் வழுக்கிக் கொடுக்கும்.

இன்ஜின் ஆயில், டீசல், கிரீஸ் மூன்றும் ரப்பர் சேனலுக்கு ஆகாது. அன்றைக்கு வெண்ணெய்போல் ஓடும். சில வாரங்களில் ரப்பர் ஊறி உப்பி, புழுதியைக் கூட்டிப் பசையாக்கிவிடும். கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் பல்தகடும் உருளையும் அது ஓடும் பள்ளமும் மட்டுமே.

சேனல் சரியாக இருந்தும் சிக்கினால், கதவைத் திறந்து அதன் வெளி விளிம்பைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கடக்கென்று ஆடினால் கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்குகிறது. தொங்கிய கதவை மூட ஓங்கி அறைகிறோம். ஒவ்வோர் அறையும் கண்ணாடிக்கு ஒரு சுத்தியல் அடி. கேபினில் ஏறுவதற்குக் கதவின் மேல்சட்டத்தைப் பிடித்துத் தொங்கும் பழக்கமும் சட்டத்தை வெளிப்பக்கம் வளைத்துவிடும். கைப்பிடிக் கம்பி இருந்தால் அதைப் பிடித்து ஏறுங்கள், இல்லையென்றால் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கண்ணாடி வாங்குவது

கதவில் இருப்பது பதமேற்றிய கண்ணாடி. கடையில் டஃபண்ட் என்று கேட்க வேண்டும். கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கும் மேலே சூடேற்றி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முகப்பில் கையால் குத்தினாலும் தாங்குகிறது. அதே காரணத்தால்தான் ஓரத்தில் ஓர் ஆணி நுனி ஆழமாகக் கீறினால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் மணிகளாகச் சிதறுகிறது. சிதறும் துண்டுகள் வாள்போல் நீளாமல் மழுங்கலாக இருப்பதுதான் நமக்கு அது தரும் பாதுகாப்பு.

பதமேற்றியபின் வெட்டவோ, ராவவோ, துளை போடவோ முடியாது. கடைக்காரர் உங்கள் கண் முன்னால் வைரமுனையால் கோடிழுத்து வெட்டித் தருகிறார் என்றால் அது சாதாரண ஜன்னல் கண்ணாடி. விலை குறைவு, அரை மணி நேரத்தில் கிடைக்கும். விபத்தில் அது கழுத்துயரத்தில் கத்தியாக உடையும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். ஓட்டுபவர் உங்கள் தம்பியாக இருந்தாலும் சம்பள ஓட்டுநராக இருந்தாலும் சரி.

சரியான கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் பதிந்திருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. போலராய்டு வெயில் கண்ணாடி அணிந்து, பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். பதமேற்றிய கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்றுக் குழாய்கள் பீய்ச்சிய தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது.

கறுப்புக் கண்ணாடி கேட்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதிப்படி பக்கக் கண்ணாடி குறைந்தது 50 விழுக்காடு ஒளியை விட வேண்டும். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் 70 விழுக்காடு. கறுப்பு பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும், கண்ணாடிக்காக அங்கே திரும்பி வருவது வீண் அலைச்சல்.

407 போன்ற தொழிற்சாலைக் கேபினுக்கு மாடலைச் சொன்னால் கண்ணாடி கிடைத்துவிடும். பட்டறையில் கட்டிய கேபினுக்குத்தான் வேலை அதிகம். ஒரே பட்டறையில் ஒரே மாதத்தில் கட்டிய இரண்டு கேபின்களின் கதவுகள்கூட அரை அங்குலம் வேறுபடும். கைவேலை அப்படித்தான். அதற்கு வார்ப்பு, அதாவது பலகையில் மாதிரி, எடுக்க வேண்டும். கண்ணாடியின் கனத்துக்கு ஏற்ற ஒட்டுப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும், உடைந்த துண்டை அளந்தே தெரிந்துகொள்ளலாம். எதிர்க்கதவின் கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டி, உடைந்த கதவில் அந்தப் பலகையைக் கண்ணாடியைப் போலவே இறக்கி ஏற்றிப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே அரத்தால் ராவுங்கள். இரண்டு பக்கமும் சேனலின் அடிப்பள்ளத்தில் முட்டாமல் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பலகை முழுதாக ஏறி, முழுதாக இறங்கி, எங்கும் சிக்காமல் வந்தபின், வெளிப்புறம் எது என்று அதில் எழுதி அனுப்புங்கள். துளை தேவைப்பட்டால் அதையும் பலகையிலேயே போட்டுக் காட்டுங்கள். அந்த அளவில் வெட்டி, ஓரம் மழுக்கி, துளையிட்டு, கடைசியில் பதமேற்றித் தருவார்கள். பலகையை ராவலாம், கண்ணாடியை ராவ முடியாது. அதனால் ஒரு நாள் பலகையோடு போனாலும் பரவாயில்லை.

சங்ககிரியில் கேபின் கட்டும் டிங்கர் ஒருவர் இதற்கென்று வார்ப்புப் பலகைகளை வண்டி எண் எழுதிச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். “கண்ணாடி உடைந்தால் ஃபோன் பண்ணினால் போதும் தம்பி, நீங்கள் வண்டியைக் கொண்டுவர வேண்டாம்” என்றார். நானும் இப்போது எங்கள் வண்டியின் இரண்டு கதவுகளுக்கும் பலகை வெட்டி வீட்டில் வைத்திருக்கிறேன்.

கழற்றுவதும் பொருத்துவதும்

கைப்பிடியைக் கழற்றும் முன், கண்ணாடி முழுதாக மேலே இருக்கும்போது அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலில் இடிக்கும். கைப்பிடி சிலவற்றில் நடு ஸ்க்ரூவில் நிற்கும். சிலவற்றில் பின்னால் லாட வடிவக் கம்பிக் கிளிப் இருக்கும். கிளிப்புக்குத் தனிக் கருவி தேவையில்லை. பழைய பருத்தித் துணியைக் கைப்பிடிக்கும் வட்டத் தட்டுக்கும் இடையே செருகி, ஷூ பாலிஷ் போடுவதுபோல் இரண்டு பக்கமும் இழுத்தால் துணி கிளிப்பின் முனையைப் பற்றி வெளியே தள்ளும். பறந்து போகும், மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையை மூலையிலிருந்து பிய்க்காமல், ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் தட்டையான பட்டியைச் செருகி நெம்புங்கள். அடியில் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தால் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். அதன் பயனைப் பிறகு சொல்கிறேன். கண்ணாடி உடையாமல் இருந்தால் அதைக் கழற்றும் முன், அடிச்சேனல் கண்ணாடியின் எந்த இடத்தில் நிற்கிறது என்று முன் விளிம்பிலிருந்து அளந்து எழுதுங்கள். உடைந்துவிட்டால் எதிர்க்கதவில் அளந்து, இடவலம் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஓர் அளவு ஒரு விரற்கடை தவறினால் கண்ணாடி வாழ்நாள் முழுவதும் சாய்ந்தேதான் ஏறும்.

ரெகுலேட்டரையும் கழற்ற வேண்டியிருந்தால் நிதானம் தேவை. பல்தகட்டில் கடிகாரச் சுருள் போன்ற ஒரு ஸ்பிரிங் இருந்தால், அது கண்ணாடியின் எடையைத் தாங்க முறுக்கி வைத்த ஸ்பிரிங். கண்ணாடி இல்லாத நிலையில் பிடிப்பை எடுத்தால் கை சவுக்குபோல் வீசி விரலை நசுக்கும். பல்தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டுப் பூட்டிய பிறகே கழற்றுங்கள்.

புதுக் கண்ணாடியை அடிச்சேனலில் ஏற்றுவதற்குப் புது ரப்பர் பட்டையைக் கண்ணாடியின் அடியில் மடித்து வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைத் தலைகீழாக நிறுத்தி, சேனலை மேலிருந்து வைத்து ஒரு மரக்கட்டையை இடையில் கொடுத்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடியைத் தரையில் நிறுத்தாதீர்கள். மடித்த சாக்கின் மேல் நிறுத்துங்கள். இரும்பு எந்த இடத்திலும் கண்ணாடியைத் தொடக் கூடாது. பட்டை குறுகி ஒரு முனையில் இரும்பு தெரிந்தால் கழற்றி மறுபடி போடுங்கள். சோம்பல் படாதீர்கள்.

கதவுக்குள் இறக்கியபின் ரெகுலேட்டரோடு இணைக்கும் முன் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லையென்றால் சேனலைச் சரிசெய்யுங்கள், ரெகுலேட்டரை மாட்டி அதன் பலத்தால் இழுக்காதீர்கள். மாட்டியபின் சேனல் போல்ட்களைத் தளர்வாகவே வைத்து, கண்ணாடியை முழுதாக ஏற்றி மேல் போல்ட்டை இறுக்குங்கள். முழுதாக இறக்கிக் கீழ்ப் போல்ட்டை இறுக்குங்கள். சேனல் தன் இடத்தைக் கண்ணாடியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: போட்ட புதுக் கண்ணாடி மீண்டும் உடைந்தது

எங்கள் வண்டியின் கதைக்கு வருகிறேன். இரண்டாவது கண்ணாடியும் கொட்டியபின், நான் கதவின் உள்ளே டார்ச் அடித்து, ஒரு வெள்ளை அட்டையைக் கண்ணாடி ஓடும் தடத்தில் மெதுவாக இறக்கினேன். முக்கால் ஆழத்தில் அட்டை எதிலோ தட்டி, அதன் முகத்தில் ஒரு கீறல் விழுந்தது. கையை விட்டுத் தடவினேன். கூரான ஸ்க்ரூ முனை ஒன்று தகட்டைத் துளைத்துக்கொண்டு, நெல்மணி நீளத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் அது சைடு மிரரின் கீழ்க்கையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. முந்தைய மாதம் ஒரு பட்டறையில் மிரரை மாற்றியபோது பழைய குட்டை ஸ்க்ரூ தொலைந்து, கையில் கிடைத்த நீள ஸ்க்ரூவை ஏற்றிவிட்டார்கள். கண்ணாடி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்த முனை அதன் ஓரத்தைக் கீறியிருக்கிறது. இரண்டு கண்ணாடிகளின் விலைக்குப் பதில் ஒரு குட்டை ஸ்க்ரூவும் இரண்டு வாஷரும் போதுமாக இருந்தன.

ஆகவே புதுக் கண்ணாடி உடைந்தால், அல்லது முதல் கண்ணாடியே காரணம் தெரியாமல் உடைந்திருந்தால், அந்த அட்டைச் சோதனையைச் செய்யுங்கள். மிரர் ஸ்க்ரூ, கைத்தாங்கி ஸ்க்ரூ, உள் அட்டையை மீண்டும் பிடிக்கப் போட்ட ஸ்க்ரூக்கள், பிற்பாடு பொருத்திய ஸ்பீக்கரின் காந்தம், மழைத்தடுப்பு ரிவெட்டின் வால் எல்லாவற்றையும் பாருங்கள். கண்ணாடி முழுதாக இறங்கும்போது அடியில் முட்டும் ரப்பர் தாங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது விழுந்திருந்தால் கண்ணாடி நேராக இரும்பில் போய் உட்காரும். பழைய கண்ணாடியின் ஒரு துண்டு ஓடுசேனலின் அடியில் ஒளிந்திருப்பதும் உண்டு. ஸ்க்ரூ முனையைப் போலவே கண்ணாடித் துண்டும் கண்ணாடியைக் கீறும்.

அறிகுறி: கடகடவென்று ஆடுகிறது

முழுதாக ஏற்றியபோது ஓசை இல்லாமல், பாதி இறக்கியபோது மட்டும் ஆடினால் துடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது; உள், வெளி இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு நிலையிலும் ஆடினால் ஓடுசேனல் போல்ட். தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகுவது எல்லா வண்டியிலும் நடக்கிறது. அந்த அட்டை நனைந்து கதவுக்குள் விழுந்து வடிதுளையில் போய் உட்காரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: மழைநீர் கேபினுக்குள் வருகிறது

கண்ணாடிக்கும் துடைப்பு ரப்பருக்கும் இடையே கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதற்காகத்தான் கீழே துளைகள். கதவுக்குள் இறங்கிய நீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அட்டைக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பாலித்தீன் தாள். அதைக் கிழித்து எறிந்துவிட்டு அட்டையை மாட்டினால் அட்டை ஊறி உப்பி, கிளிப் துளைகள் விரிந்து, நீர் காலடி மிதியில் தேங்கும். தாள் இல்லையென்றால் கனமான பாலித்தீனை வெட்டி, ஓரமெங்கும் பசை டேப் வைத்து, கீழ் விளிம்பை மட்டும் கதவின் இடுக்குக்குள் மடித்து விடுங்கள். தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே போய் விழ வேண்டும்.

அட்டையை மாட்டும் முன் கண்ணாடியை முழுதாக ஏற்றி, வெளியிலிருந்து ஒருவர் குழாயால் தண்ணீர் பீய்ச்ச, நீங்கள் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்சட்டத்தில் சொட்டினால் சட்டம் வளைந்திருக்கிறது, முன்மூலையில் சொட்டினால் சேனல் ரப்பரின் இணைப்பு திறந்திருக்கிறது. எங்கும் சொட்டாமல், கதவின் அடித்துளைகளில் மட்டும் நூல்போல் நீர் இறங்கினால் அட்டையை மாட்டிக் கைப்பிடியைப் போட்டுவிடலாம்.